ஏழு வருஷமாக மெஷின் வீட்டில்தான் இருந்தது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் குளுக்கோமீட்டர் வந்தது 2014 கடைசியில். சாமி படத்துக்குக் கீழ்த் தட்டில், ஒரு பழைய மிட்டாய் டப்பாவுக்குள் மெஷின், ஊசி, ஸ்ட்ரிப், பஞ்சு, கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்த டப்பா அம்மாவின் பொறுப்பு. எந்தத் தேதியில் அப்பாவுக்குச் சுகர் எவ்வளவு, முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார், ரப்பர் வெட்டுக்குப் போனாரா, மழையென்று வீட்டில் இருந்தாரா, எல்லாம் அம்மாவின் கோணல் எழுத்தில் இருக்கும். அந்த நோட்டை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முழுக்க அப்பாவின் எண்கள். 2022 ஜனவரி வரைக்கும் அம்மாவின் எண் என்று அதில் ஒன்றுகூடக் கிடையாது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். சுகர் உள்ளவருக்குக் குடும்பம் துணையாக இருக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்கிறார், சொந்தக்காரரும் சொல்கிறார்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2018, 2019 இரண்டு வருஷமும் நவம்பர் 14 உலக நீரிழிவு நாளுக்கு எடுத்துக்கொண்ட பொருளே குடும்பமும் நீரிழிவும் என்பதுதான். ரொம்பச் சரி. ஆனால் எங்கள் வீட்டில் குடும்பம் என்றால் யார் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. அப்பாவுக்குச் சுகர் வந்தபோது குடும்பம் என்றால் அம்மா. அம்மாவுக்கு வந்தபோதுதான் அந்த இடம் காலியாகக் கிடந்தது தெரிந்தது.

முதலில் அப்பா. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வரும் என்பதால் மூன்றரை மணிக்கே எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முந்நூறு மரம் வெட்டி, அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து ஊற்றிவிட்டு வீடு வர ஒன்பதரை ஆகும். அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. 2011-இல் சுகர் என்று தெரிந்தபோது அவருக்கு 49 வயது. முதலில் மெட்ஃபார்மின் மட்டும். மூன்று வருஷம் கழித்துக் கிளிமிபிரைடு என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார்கள். சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்குக் காலை என்றால் மூன்றரை மணி. சாயாவோடு மாத்திரையையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். எழுதித் தந்தவரும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த மாத்திரை கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும், உள்ளே சாப்பாடு வந்திருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, அதிலும் குனிந்து நிமிர்ந்து வேலை. பத்தாவது நாளோ என்னவோ, விடியும் நேரத்தில் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். மார்கழிக் குளிரில் சட்டையெல்லாம் வியர்வை. கூட வெட்டுகிறவர் கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொல்லியிருக்கிறார். காலையிலேயே குடித்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். பால் எடுக்க வந்த ஒரு அக்காதான் ஓடிவந்து பார்த்துவிட்டு, "குடிச்சதொண்ணும் இல்ல, இது சுகர் தாந்ததாக்கும்" என்று சொல்லி, மடியில் வைத்திருந்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாயாவில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கும் சுகர். அதனால்தான் அவர் மடியில் எப்போதும் சீனி இருந்தது.

அந்தப் பொட்டலத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். படித்த பிள்ளை என்று வீட்டில் நான் இருந்தேன், எனக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததெல்லாம் சுகர் கூடக்கூடாது என்பது மட்டும். குறைந்தாலும் ஆபத்து, சொல்லப்போனால் அந்த நிமிஷத்துக்கு அதுதான் பெரிய ஆபத்து என்பதை ஆசுபத்திரியில் இருந்த ஒரு நர்ஸ்தான் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். கை நடுங்கும், திடீரென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும், பேச்சு குழறும், சிலருக்குக் காரணமே இல்லாமல் கோபம் வரும். மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும், ஏறியபிறகு சோறோ இட்லியோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து வண்டி பிடிக்க வேண்டியதுதான். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால் குறைந்ததென்றால், தேறிவிட்டார் என்று சும்மா விடக்கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடியும் குறையலாம், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இவ்வளவுதான் விஷயம், கால்மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சுகர் இருக்கும் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப்பிறகு டாக்டர் மாத்திரையை எட்டு மணிக்கு, சாப்பாட்டோடு என்று மாற்றினார். எட்டு மணிக்கு அப்பா தோட்டத்தில் இருப்பார். ஆகவே அம்மா நாலு மணிக்கு எழுந்து புட்டு அவித்து, சிறுபயறு வேகவைத்து, தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் மேடு ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். மழைக்கும் குளிருக்கும் நாலு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. போய்விட்டு வந்து, துணி துவைத்து, மாட்டைப் பார்த்து, அம்மா காலைச் சாப்பாடு சாப்பிடும்போது பதினொன்று தாண்டியிருக்கும். பழைய புட்டு மிச்சம் இருந்தால் அது, இல்லையென்றால் கருப்பட்டிக் காப்பியும் ரெண்டு ஏத்தன்பழமும். இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவுக்கு அம்மா இருக்கிறார்கள், கவலை இல்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். காவல் காத்தேன். மட்டிப்பழக் குலையைத் தட்டின்புறத்தில் (பரணில்) ஒளித்து வைத்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாயசம் வரும்போது அவர் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தேன், நாலுபேர் பார்க்க. "சுகர் இருக்குல்லா, உங்களுக்கு வேண்டாம்" என்று சத்தமாகச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் நல்ல மகனாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

2018-இல் எச்பிஏ1சி எடுத்துப் பார்த்தால் 9.4. எங்களுக்கு நம்பவே முடியவில்லை. ஏனென்றால் நோட்டில் எல்லாம் 130, 140 என்றுதான் இருந்தது. அப்புறம் டாக்டர் விளக்கினார். ரத்தத்தின் சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட 120 நாள் உயிரோடு இருக்கும், அந்த நாள் முழுவதும் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அவற்றில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே இருக்கும், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். வீட்டு மெஷின் காட்டுவது அந்த நிமிஷத்தை மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினில் பார்ப்பது எங்கள் வழக்கம், சனிக்கிழமை முழுக்க அப்பா பத்தியம் இருந்திருக்கிறார். மற்ற நாளெல்லாம் ஜங்ஷன் சாயாக்கடையில் பழம்பொரியும் சீனி போட்ட சாயாவும். கடைக்காரருக்குத் தெரியும், கூட வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

வீட்டில் பெரிய சண்டை. நான் கத்தினேன். அப்பா, "நான் எனக்கக் காசுக்குத்தான் தின்னேன்" என்றார். அம்மா அழுதார்.

ராத்திரி என் மனைவி சொன்னது இது: "மாமாவுக்கு மட்டும் தனியா தட்டு வச்சிட்டு, நாம எல்லாரும் அவிய முன்னாடி இருந்து மரச்சீனியும் மீன்கறியும் தின்னா, அவிய எங்க போவாவ? கடைக்குத்தான் போவாவ." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சுகர் வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு ஆசுபத்திரித் தட்டு. அவர் தன் வீட்டில் தன் மக்களோடு சேர்ந்து ஒரே சாப்பாடு சாப்பிட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாளிலிருந்து ஒரே சாப்பாடு என்று முடிவு செய்தோம். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்ஸுக்கு மாற நாங்கள் முயலவில்லை, அது பத்து நாள்கூடத் தாங்காது. இருப்பதிலேயே அளவை மாற்றினோம். மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, நூறு கிராமில் முப்பத்தைந்து கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், அதனால் வாரத்துக்கு ஒரு நாள், கையளவு கிழங்கு, நிறைய சாளை மீன்கறி. சோறு ஒரு கரண்டி குறைந்தது, பயறோ முருங்கையிலையோ கோஸோ, துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) இரண்டு மடங்கானது. முதலில் துவரனும் மீனும், அப்புறம் சோறு. சம்பா அரிசி என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நினைப்பும் போனது, கொஞ்சம் நல்லதுதான் என்றாலும் அதுவும் சோறுதானே. கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று எங்கள் பக்கம் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பது எதுவோ அதுதான். (எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருந்தால் சீனி. டாக்டர் 'சர்க்கரை சேர்க்காதீங்க' என்றால், சீனி போடலாம் போல என்று நினைத்துக்கொண்ட பாட்டி ஒருவரை எனக்குத் தெரியும்.) மட்டிப்பழக் குலை மறுபடியும் திண்ணைக்கு வந்தது. யாரும் ஒரு பழத்துக்கு மேல் எடுப்பதில்லை, பிள்ளைகள் உட்பட. பண்டிகைக்குப் பாயசம் உண்டு, எல்லாருக்கும் சின்ன டம்ளர்.

ஆறு மாதத்தில் அப்பாவுக்கு 7.5. கடைக்குப் போவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனால் வீட்டில் வந்து சொல்வார். அம்மா நோட்டில் 'பழம்பொரி 1' என்று எழுதுவார். எனக்கு அந்த எழுத்துதான் முக்கியம். மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

பின்னாளில் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். டான்2 என்று பெயர், 2013-இல் வெளிவந்தது, இந்தியா உட்பட 17 நாடுகளில், நீரிழிவுக்காரர்களோடு நிற்காமல் வீட்டில் கூட இருக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தாரையும் கேட்டிருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒருவருக்கு மேல் சொன்ன பதில், எப்படி உதவுவது என்று தங்களுக்குத் தெரியவில்லை என்பது. சுகர் தாழ்ந்துவிடுமோ என்ற பயம் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்திருக்கிறது. படித்தபோது, பந்தியில் அப்பாவின் இலைக்கு மேல் நீட்டிய என் கைதான் நினைவுக்கு வந்தது. உதவ வேண்டும் என்ற ஆசைக்குக் குறைச்சல் இல்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

2019-இல் பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் நாகர்கோவிலுக்கு வந்துவிட்டோம். ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். எங்கள் பக்கமும் ஒரு சுகாதாரத் தன்னார்வலர் வர ஆரம்பித்தார். 2022 ஜனவரியில், பொங்கல் கழிந்து நாங்கள் ஊரில் இருந்த ஒரு நாள், அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு எழுந்தவர் அம்மாவைப் பார்த்து, "நீங்க சுகர் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன, எனக்கு ஒண்ணும் கெடையாது" என்றார் அம்மா.

"பார்த்திருக்கீங்களா?"

பதில் இல்லை. என் மனைவி டப்பாவை எடுத்துவந்து, எங்கள் மெஷினிலேயே, அம்மாவின் விரலைக் குத்தினாள். அம்மா, "ஒரு ஸ்டிரிப்பு வீணாப்போவும்" என்று கையை இழுத்துக்கொண்டே இருந்தார். அப்போது ஒரு ஸ்ட்ரிப் பதினைந்து, இருபது ரூபாய்.

286.

மறுநாள் லேபில் வெறும் வயிற்றில் 178, எச்பிஏ1சி 9.1. வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ என்றாலே சுகர்தான், ஆகவே இது நேற்று வந்தது இல்லை. மனைவி தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டபிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். இரண்டு வருஷமாக, வெளியே சொல்லக் கூச்சமான இடத்தில் அரிப்பு, புண். கண் மங்கல். உடம்பு இளைத்திருந்தது, அதை நாங்கள் வேலை அதிகம் என்று எடுத்துக்கொண்டோம். சுகரின் அறிகுறிகளை அப்பாவுக்காக மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர் அம்மா. தனக்கு இருப்பது அதுதானோ என்று அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் வந்தா யாரு பாக்கியது மக்களே?" என்றார்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, பெரியவர்களில் 11.4 சதவீதம் என்று கணக்கு வந்தது. பக்கத்துக் கேரளத்தில் 25.5 சதவீதம், அதாவது நாலில் ஒருவர். 1956-இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் எங்கள் தட்டு இன்னும் பாதி அந்தப்பக்கத் தட்டுதான், அதனால் அந்த எண்ணைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வீட்டுக்கு வீடு இருக்கிறது. அத்தனை வீட்டிலும் மிட்டாய் டப்பாவோ சோப்பு டப்பாவோ ஒன்று இருக்கும், மெஷினோடு. அந்த மெஷின் யாருடைய விரலைக் குத்துகிறது, சமைக்கிறவரின் விரலையும் குத்துகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே வயது, அதோடு கடைசியில் சாப்பிடுவது, மிஞ்சியதை வீணாக்கக்கூடாது என்று சாப்பிடுவது, மூன்று மணிக்குச் சாப்பிடுவது. அம்மாவுக்கு வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். அம்மாவுக்கு லேபில் பார்த்த அன்று நானும் பார்த்துக்கொண்டேன், எச்பிஏ1சி 5.9. சுகருக்கு முந்தின கட்டம். பெற்றோர் இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல், இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் பார்க்கிறேன்.

சரி, தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. அம்மா மாத்திரை வாங்கினார், போட்டார். ஆனால் அப்பாவுக்கு நாலு மணிக்கு எழுந்து புட்டு அவித்தவருக்கு யாரும் அவித்துத் தரவில்லை. அம்மாவே அப்பாவுக்கும் தனக்கும் சமைத்து, அப்பா சாப்பிட்டபிறகு சாப்பிட்டார், பழையபடி நேரம் கெட்டு. நான் வாரத்துக்கு ஒரு தடவை போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். அது கேள்விதான், துணை இல்லை.

2023 மாசிக் கொடைத் திருவிழாவுக்கு அம்மா மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போனார். ரோட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து கடற்கரைக்கும் செருப்பு இல்லாமல், உச்சி வெயிலில், கொதிக்கிற தாரிலும் மணலிலும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தரையில் நடக்க, பின்னாலேயே ஈரத் தடம். தண்ணீர் என்று துடைக்கப்போன என் மனைவி காலைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்து தோல் உரிந்திருந்தது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. வருஷக்கணக்கில் சுகர் கூடி இருந்ததில் பாத நரம்பு மரத்துப் போயிருந்தது. வலி இல்லாததால்தான் இவ்வளவு பேர் காலை இழக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். முள் ஏறினாலும் தெரியாது, செருப்பில் கல் கிடந்தாலும் தெரியாது. அப்போது எச்பிஏ1சி 10.2. புண் ஆற வேண்டும் என்று இன்சுலின் தொடங்கினார்கள், காலையில் 20 யூனிட், ராத்திரி 12.

அம்மாவுக்குக் கண் மங்கல், சிரிஞ்சில் கோடு தெரியாது. நான் தினமும் குலசேகரம் போகமுடியாது. யார் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை அம்மாவின் சுகரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "நான் குத்துவேன்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டிய கை. பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும், கத்தி ஆழமாகப் போய் உள்ளே மரத்தில் பட்டால் அந்த இடம் காயமாகி முண்டு முண்டாகிவிடும். அந்தக் கை நடுங்கவில்லை. நர்ஸ் ஒரு தடவை காட்டியது போதும். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது, தொப்புளைச் சுற்றி நாலு விரல் தள்ளிப் போடுவது, தினமும் இடம் மாற்றுவது. ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி விழும், மருந்து ஒழுங்காகச் சேராது என்று நர்ஸ் சொன்னதும் அப்பா, "வெட்டினதுக்க மேலேயே வெட்டினா பட்டை போயிரும்லா" என்று தலையாட்டினார். காலண்டர் அட்டையில் வயிறு ஒன்று வரைந்து எந்தக் கிழமை எந்த இடம் என்று குறித்து வைத்திருக்கிறார்.

நான் செய்த ஒரு தப்பையும் அவர்தான் கண்டுபிடித்தார். சிரிஞ்சு தீர்ந்து நான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. நான் வாங்கியது 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உண்மையில் போவது எட்டு யூனிட்தான். இரண்டு நாளாகச் சுகர் ஏறுவதைப் பார்த்துவிட்டு அப்பா பழைய சிரிஞ்சையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, "இதுல கோடு நெருக்கமா இருக்கு, மருந்து கொறச்சலா போவுது" என்று போனில் சொன்னார். இதுவே மாறி நடந்திருந்தால், 100 மருந்தை 40 சிரிஞ்சில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு போயிருக்கும். நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. குப்பியில் 40 என்று போட்டிருக்கிறதா, சிரிஞ்சிலும் 40 என்று போட்டிருக்கிறதா, வாங்கும்போதே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. அந்த நாளில் தொடங்கிய ஒரு பழக்கம் இன்னும் நடக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா அந்தப் பழைய வெட்டு லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு, அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்ப்பார். வெடிப்பு இருந்தால் தேங்காயெண்ணெய், விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் படாமல் ஈரம் துடைத்து. அம்மாவுக்கு முதலில் ரொம்பக் கூச்சம், புருஷன் காலைப் பிடிப்பதா என்று. இப்போது பேசிக்கொண்டே நீட்டுகிறார். காலையில் புட்டும் அப்பாதான், அம்மா சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார். தேங்காய் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார், அதை நாங்கள் யாரும் சொல்வதில்லை. எட்டு மணிக்கு ஊசி, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பாடு. இப்போதைய நோட்டில் நடுவில் ஒரு கோடு, இந்தப்பக்கம் அப்பா, அந்தப்பக்கம் அம்மா. போன தடவை அம்மாவுக்கு 7.6.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பஸ் தாமதமாகி வீடு சேரும்போது மணி இரண்டே முக்கால். அப்பா ஒரு துட்டி (சாவு) வீட்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அம்மாவின் மேலுதடு முழுக்க வியர்வை. "பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார், சொன்னேன், உள்ளே போய்த் திரும்பி வந்து அதையே மறுபடியும் கேட்டார். டப்பாவை எடுத்தேன். 58. மூன்று ஸ்பூன் சீனியைக் கலக்கிக் கொடுத்து, மெஷினையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து 84. அப்புறம் சோறு போட்டுக் கொடுத்து, அம்மா பாதி சாப்பிட்டபிறகுதான் கேட்டேன், காலையில் ஊசி போட்டிருக்கிறது, ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று தெரியாதா என்று. அடுப்பில் அயலைக் குழம்பு மூடி இருந்தது, யாரும் தொடாமல்.

"நீ வரதுக்குள்ள நான் எப்படி மக்களே சாப்பிட?" என்றார் அம்மா.

இப்போதெல்லாம் ஊருக்குப் போகிற நாளில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். போனில் நான் சாப்பிட்டாச்சு என்று சொல்லி, என்ன சாப்பிட்டேன் என்று அம்மா கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, அப்பா தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் லைனிலேயே இருக்கிறேன்.